கேட்டில் ‘ஐடி கார்டு இருக்கா?’ – பழைய பல்கலைக்கழக நூலகம் யாருக்கு?

வேம்படி எழுதியது:

போன வாரம் அப்பாவை அவர் படித்த பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனேன். எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. அப்பாவுக்கு 77 வயது. 1968 முதல் 1970 வரை அங்கே எம்.ஏ. படித்தவர். அவர் தங்கிய விடுதியை இடித்துவிட்டார்கள். துறைக் கட்டடம் முகமே மாறிவிட்டது. அன்று இருந்த மாதிரியே நிற்பது நூலகம் ஒன்றுதான். ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார்.

வாசலில் செக்யூரிட்டி தம்பி எழுந்து நின்று மரியாதையாகத்தான் கேட்டார்: “ஐயா, ஐடி கார்டு இருக்கா?” அப்பா ஓய்வூதியர் அட்டையை எடுத்து நீட்டினார். தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாணவர் அட்டை, பணியாளர் அட்டை, இல்லேன்னா ஆபீஸ்ல ஒரு லெட்டர்” என்றார். அன்று சனிக்கிழமை, ஆபீஸ் பூட்டியிருந்தது.

அப்பா சண்டை போடவில்லை. படிக்கட்டின் பக்கச்சுவரில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். பல வருடமாக ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தக் கல் வழவழவென்று எண்ணெய் பூசினது போல இருந்தது. “இந்த மூலையிலதான் சைக்கிளைச் சாத்துவேன்” என்றார். அப்புறம் கிளம்பிவிட்டோம்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரே யோசனை. ஒரு பழைய பல்கலைக்கழக நூலகம் ஊர் நடுவில் நிற்கிறது. பஸ் ஸ்டாப்புக்கு அதன் பெயர்தான். உள்ளே போக மட்டும் ஊர்க்காரருக்கு வழியில்லை. அப்படியானால் அது ஊருக்கு என்ன உறவு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

குரூப்டூ கனவு எழுதியது:

அக்கா, உங்கள் அப்பாவுக்காவது பத்து நிமிடம் படியில் உட்கார இடம் கிடைத்தது. நாங்கள் நாலு பேர் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு வெளியே மரத்தடியில் எட்டு மாதம் குரூப் டூ அரசுத் தேர்வுக்குப் படித்தோம். எங்களுக்கு வேண்டியது மேசை, விளக்கு, மின்விசிறி, தண்ணீர். அவ்வளவுதான். புத்தகம்கூட வேண்டாம், எங்களிடமே இருக்கிறது.

மதியம் இரண்டு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் முக்கால்வாசி நாற்காலி காலி. மின்விசிறிகள் யாருக்கோ சுற்றிக்கொண்டிருக்கும். மழை வந்தால் நாங்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சைக்கிள் ஷெட்டுக்கு ஓடுவோம்.

வீட்டில் படிக்கலாமே என்பார்கள். ஒரே அறை, தம்பி, பாட்டி, டிவி. எங்கே படிப்பது? எங்கள் மாதிரி ஆட்களுக்கு நூலகம் என்றால் அமைதியான ஒரு மேசை. இது தப்பா?

---

அட்டைப்பெட்டி எழுதியது:

தப்பில்லை தம்பி. ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். 31 வருடம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைநிலையில் சேர்ந்து, உதவி நூலகராக வெளியே வந்தேன்.

எங்கள் நூலகத்தில் ஒரு காலத்தில் வெளியாட்களை விட்டோம். என்ன நடந்தது தெரியுமா? பழைய கெஜட்டியர் (மாவட்ட விவர நூல்) ஒன்றில் ஒரு மாவட்டத்தின் வரைபடத்தை யாரோ பிளேடால் அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். அறுத்தது அடுத்த பக்கத்திலும் கோடாக இறங்கியிருந்தது. அந்தக் கோட்டை இன்றைக்கும் விரலால் தடவிச் சொல்ல முடியும் எனக்கு. மாணவன் அறுத்தானா வெளியாள் அறுத்தாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கூட்டம் போட்டு முடிவெடுத்தபோது கதவைச் சாத்தியது வெளியாளுக்குத்தான். அந்த முடிவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனவன் நான்தான்.

இன்னொன்று. கணக்கெடுப்பு வரும்போது காணாமல்போன புத்தகத்துக்கு யார் பதில் சொல்வது? வரவுப் பதிவேட்டில் எண் இருக்கிறது, அலமாரியில் புத்தகம் இல்லை. சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் எங்கள் தலைமுறை ஊழியர் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பயம் இருக்கிறவரை நூலகர் காவல்காரர்தான். பூட்டுவதுதான் பத்திரம் என்று அவர் கை தானாகச் சாவியைத் தேடும்.

இவ்வளவும் சொன்னாலும், வேம்படியின் அப்பாவை நான் பணியில் இருந்திருந்தால் உள்ளே விட்டிருப்பேன். கையெழுத்து ஒன்று வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு ஆளை அனுப்பி. விதி வேறு, வாசலில் நிற்கிற மனிதர் வேறு.

---

ராமபாணம் எழுதியது:

வெளியாள் என்று எந்த அட்டையும் இல்லாமல் மூன்று தலைமுறையாக உள்ளேயே குடியிருப்பவர்கள் புத்தகம் தின்னும் எங்கள் பூச்சி இனம் மட்டும்தான். பழைய பைண்டிங்கின் மைதா பசை வாழ்க. அதில் மயில்துத்த விஷம் கலக்கும் பைண்டர்கள் ஒழிக.

---

கடலோரம் எழுதியது:

ராமபாணத்துக்கு நாப்தலின் உருண்டை பார்சல்.

அட்டைப்பெட்டி ஐயா சொன்ன காவல்காரர் கதையைக் கேட்டதும் சேப்பாக்கம் ஞாபகம் வந்துவிட்டது. மெரினாவில் நடக்கிறவர்கள் எல்லோரும் அந்தச் செங்கல் நிறக் கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் படம் எடுப்பார்கள், அது கட்டடக் கலைஞர் சிஸோம் 1870களில் கட்டியது. பக்கத்தில் நூலகம் இருப்பது பலருக்குத் தெரியாது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் வந்தது. நூலகம் தொடங்கியதோ 1907இல். ஐம்பது வருடம் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுத்த இடத்துக்கு நூலகமே இல்லை! தொடங்கிய பிறகும் சொந்த வீடு கிடையாது, எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் ஒண்டுக்குடித்தனம். சேப்பாக்கத்தில் சொந்தக் கட்டடம் வந்தது 1936இல்.

இந்த இடைக்காலத்தில்தான் கதை மாறுகிறது. 1924இல் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தவர் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். வந்த ஒரு வாரத்திலேயே அலுத்துப்போய், ‘என்னைத் திருப்பி வகுப்புக்கே அனுப்புங்கள்’ என்று கேட்டவர். ஆளும் இல்லை, வேலையும் இல்லை, நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்காருவது? லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே அவர் கண்ணில் பட்டது கட்டடங்களின் அழகு இல்லை. குழந்தை, தொழிலாளி, வீட்டுப் பெண்கள் என்று யார் யாரோ நூலகத்துக்குள் சகஜமாக வந்து போனதுதான். திரும்பி வந்து அலமாரிகளைத் திறந்துவிட்டார். வாசகர் தானே அடுக்குக்குள் போய்த் தேடி எடுக்கலாம். அதுவரை சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

1931இல் வந்த அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்படுத்துவதற்கே. இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றும். அவர் அதை விரிக்கும் விதம்தான் விசேஷம். நூலகம் எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது, நாற்காலி எப்படி, மேசையில் இருப்பவர் எப்படிப் பேசுகிறார் என்று ஒவ்வொன்றாக இறங்குவார். ஆக, கேட்டில் நிற்கிற தம்பியும் முதல் விதிக்குள் வருகிறார்.

---

குரூப்டூ கனவு எழுதியது:

ரங்கநாதன் பெயரைச் சொல்லி எல்லோரும் கும்பிடுகிறோம். ஆகஸ்ட் 12 வந்தால் நூலகர் தினம் என்று படத்துக்கு மாலை. அவர் சொன்னதை மட்டும் செய்வதில்லை. அவர் பல்கலைக்கழக நூலகர், மாணவருக்குத் திறந்தார், சரி. ஊருக்குத் திறந்தாரா? அதைச் சொல்லுங்கள் கடலோரம் அண்ணா.

---

கடலோரம் எழுதியது:

நல்ல கேள்வி. அவர் செய்தது வேறு மாதிரி. பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்துகொண்டே ஊருக்கு வேறு நூலகங்கள் கேட்டார். 1928இல் சென்னை நூலகச் சங்கம், அதன் உயிர்நாடி அவர். 1931இல் மன்னார்குடிப் பக்கம் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் கட்டிக் கிராமம் கிராமமாக ஓட்டினாரே, அதெல்லாம் அந்த இயக்கக் காலத்து வேகம். கடைசியில் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். இன்றைக்கும் நம் சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கிறதே, அதன் வேர் அங்கே.

ஆக, ஒரே ஒரு பெரிய கட்டடத்தின் கதவைத் திறந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. தெருவுக்குத் தெரு கதவு வேண்டும் என்றார்.

அந்தச் சேப்பாக்கம் கட்டடத்துக்குள் இன்னொரு வாசகர் கூட்டமும் வந்து போனது. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் பல பத்தாண்டுகள் அங்கேதான் இருந்தது, இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விட்டது. சித்த வைத்தியம் பார்க்கிறவர், ஊர்ப் புராணம் தேடுகிறவர், கைபீது (பழைய ஊர் வரலாற்றுப் பதிவு) பார்க்கிறவர் என்று பட்டம் இல்லாத படிப்பாளிகள் தேடி வந்த இடம் அது. அந்தக் கால நில அளவை அதிகாரி கர்னல் மெக்கன்சி சேர்த்த சுவடிகள் அதில் உண்டு. ராமானுஜன் கைப்பட எழுதிய நோட்டுகளும் பல்கலைக்கழக நூலகத்தின் சொத்துதான். ஓலையில் எழுதியவரும் பரீட்சையில் தோற்ற கணித மேதையும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

---

சுண்ணாம்புக்காரர் எழுதியது:

பழைய கட்டடப் பராமரிப்பில் இருப்பவன். எல்லோரும் கதவைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் கூரையைப் பற்றியும் தரையைப் பற்றியும் பேசுகிறேன்.

முதலில் எடை. வீட்டுத் தரை கட்டும்போது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்க வேண்டும் என்று கணக்குப் போடுவோம். புத்தக அடுக்கு அறைக்கு 600 கிலோவிலிருந்து தொடங்கும், அடுக்கு உயர உயர இன்னும் கூடும். காகிதம் அவ்வளவு கனம். பழைய கட்டடத்தில் அடுக்கு அறை எது, வாசிப்பறை எது என்று முதலிலேயே பிரித்துக் கட்டியிருப்பார்கள். வாசிப்பறை பெரியதாக இருக்கிறதே, இங்கேயும் நாலு இரும்பு அலமாரி போடுவோம் என்று யாரோ முடிவெடுப்பார்கள். பத்து வருடம் கழித்து உத்தரம் தொய்யும், மேல்மாடி மூடப்படும். ‘பாதுகாப்புக் காரணங்களுக்காக அனுமதி இல்லை’ என்று போர்டு தொங்கும். பொதுமக்களை விடாததற்குப் பாதி இடங்களில் உண்மையான காரணம் இதுதான், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது ஈரம். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர் மூச்சு விடும். மழையில் குடித்த தண்ணீரை வெயிலில் விட்டுவிடும். பூச்சு உதிர்கிறது என்று சிமெண்ட் போட்டுப் பூசினால் மூச்சு அடைத்துவிடும். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்பக்கம் வரும், அங்கே நிற்பது புத்தக அலமாரி. கடற்கரை என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரு நூலகத்தில் (ஊர் வேண்டாம்) வடக்குச் சுவரை ஒட்டிய அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்தேன். பக்கத்துப் புத்தகங்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே வந்தன, செங்கல் மாதிரி. பூசணம் பூத்து மூன்றும் ஒன்றாகியிருந்தன. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தால் நடந்திருக்காது.

மெட்ராஸ் டெரஸ் கூரை கேள்விப்பட்டிருப்பீர்கள். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதில் கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர். அதை அடித்து இறுக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். டெண்டரில் ‘சுண்ணாம்பு’ என்று ஒரு வரி எழுதுவதற்கே நான் மூன்று கூட்டத்தில் வாதாட வேண்டியிருந்தது.

கட்டடம் ஊருக்குச் சொந்தம் என்றால் ஒழுகல் யாருக்குச் சொந்தம்? அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

---

நல்லூரான் எழுதியது:

நான் யாழ்ப்பாணம். எங்கட கதை பல்கலைக்கழக நூலகம் இல்லை, பொது நூலகம். ஆனாலும் இந்த இழைக்குள்ள வரும் என்று நினைக்கிறன்.

1933இல் செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் புத்தகம் வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கினதுதான் விதை. பிறகு ஊர் சேர்ந்தது, பணம் சேர்த்தது, சென்னையிலிருந்து நரசிம்மன் என்ற கட்டடக் கலைஞர் வந்து வரைந்து கொடுத்தார். ஆலோசனை சொன்னது யார் தெரியுமோ? நீங்கள் மேலே கதைக்கிற அதே ரங்கநாதன்தான். 1959இல் திறந்தது.

எங்கட பல்கலைக்கழகம் வந்தது 1974இல், வளாகமாக. அந்தக் காலத்தில் என்ர மாமா மாணவர். பின்னேரம் வளாகத்திலிருந்து சைக்கிளில் நேராகப் பொது நூலகம். அங்கே அவருக்கு எதிர் மேசையில் ஒரு சுருட்டுத் தொழிலாளி தினமும் பேப்பர் படிக்க வருவாராம். ஒருநாள் மாமா தடித்த புத்தகம் ஒன்றை வைத்து முழித்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் எட்டிப் பார்த்து, “தம்பி, இதுக்குச் சின்னப் புத்தகம் ஒண்டு இருக்கு, அதை முதல் படியும்” என்று அலமாரியைக் காட்டினாராம். மாமா இப்பவும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

1981 மே 31 இரவு எரித்தார்கள். கிட்டத்தட்ட 97,000 புத்தகங்கள், ஏடுகள். தாவீது அடிகள் புனித பத்திரிசியார் கல்லூரி மாடியில் இருந்து நெருப்பைப் பார்த்து அப்படியே விழுந்து இறந்துபோனார். மாமா அடுத்த நாள் போய்ப் பார்த்தவர். சாம்பலுக்குள் ஒரு புத்தகத்தின் பக்கங்கள் முழுதாக, எழுத்துகூடத் தெரிகிற மாதிரிக் கிடந்ததாம். தொட்டவுடன் இல்லையாம்.

இப்ப கட்டடம் திரும்ப எழும்பி வெள்ளையாக நிற்கிறது. ஊர்ப் பிள்ளைகள் போய்ப் படிக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதுதான்: எரித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, அது மாணவருக்கு மட்டுமான இடம் இல்லை என்று.

---

குளிர்நாட்டுக்காரி எழுதியது:

நல்லூரான் அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை. நான் பெல்ஜியத்தில் லூவென் நகரத்தில் இருக்கிறேன். இங்கே இருப்பது அசல் பல்கலைக்கழக நூலகம், அதுவும் இருமுறை எரிந்தது.

1914 ஆகஸ்ட் மாதம் ஜெர்மன் படை வந்து பழைய நூலகத்தை எரித்தது. இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகள் எல்லாம் போயின. உலகமே கொதித்தது. போர் முடிந்ததும் வெர்சாய் ஒப்பந்தத்திலேயே, ஜெர்மனி புத்தகம் கொடுத்து ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு போட்டார்கள். புதுக் கட்டடம் அமெரிக்கர்கள் பணத்தில் எழுந்தது, 1928இல் திறந்தார்கள். சுவர்க் கல்லில் எல்லாம் பணம் கொடுத்த அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளின் பெயர்கள். மழைநாளில் நனைந்த கல்லில் நன்றாகத் தெரியும். பஸ்ஸுக்கு நிற்கும்போது வாசித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வேடிக்கை. கட்டடக் கலைஞர் வாரன், ‘ஜெர்மானிய வெறி அழித்தது, அமெரிக்கக் கொடை மீட்டது’ என்று லத்தீனில் கைப்பிடிச் சுவரிலேயே பொறிக்க ஆசைப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் லடூஸ் முடியவே முடியாது என்றார், பகையைக் கல்லில் வைக்காதே என்று. ஊர் இரண்டு பட்டது, சண்டை வலுத்தது, கடைசியில் எழுத்தில்லாத சுவர்தான் வந்தது. 1940இல் மறுபடி எரிந்தது, கிட்டத்தட்ட 9 லட்சம் நூல்கள் போயின. மறுபடி கட்டினார்கள்.

அப்புறம் நெருப்பில்லாத ஒரு அழிவு. 1960களின் கடைசியில் மொழிச் சண்டையில் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தது. நூலகத்தையும் பிரித்தார்கள். எப்படி? புத்தகத்தின் அலமாரிக் குறியெண் ஒற்றைப்படை என்றால் ஒரு பக்கம், இரட்டைப்படை என்றால் மறுபக்கம். சொத்துப் பிரிக்கிற அண்ணன் தம்பிகூட அண்டாவை அறுத்து ஆளுக்குப் பாதி எடுக்க மாட்டார்கள்.

ஊரோடு உறவு என்ன என்று கேட்டீர்களே. நூலகத்துக்கு முன்னால் இருக்கிற சதுக்கத்துக்கு அந்த லடூஸ் பெயர்தான். வெள்ளிக்கிழமை அங்கே சந்தை. கோபுரத்தில் மணி இசை கேட்கும்போது காய்கறி பேரம் நடக்கும். பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் படிகளில் சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருப்பார்கள். கோபுரத்தில் ஏறிப் பார்க்கச் சீட்டு வாங்கி யாரும் போகலாம். வாசிப்பறையில் படிக்கிறவர்களுக்குத் தொந்தரவும் இல்லை, ஊர்க்காரருக்கு வெளியே நிற்கிற குறையும் இல்லை.

---

அட்டைப்பெட்டி எழுதியது:

அம்மா எழுதியதில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். பார்க்க வருகிறவர் ஒருவர், உட்கார்ந்து படிக்க வருகிறவர் ஒருவர், அடுக்குக்குள் தேட வருகிறவர் ஒருவர். மூன்று பேருக்கும் ஒரே கேட்டில் ஒரே கேள்வி கேட்பதால்தான் சிக்கல்.

குரூப்டூ தம்பிக்கு வேண்டியது மேசை. அதற்கு நூலகத்தின் அடுக்கைத் திறக்க வேண்டியதே இல்லை. தாழ்வாரமோ முன்கூடமோ போதும். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கவே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்களே, எந்நேரமும் நிரம்பித்தான் இருக்கும். வேம்படியின் அப்பாவுக்கு வேண்டியது அரை மணி நேரம். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் முன்னாள் மாணவர்களுக்கு என்று வைத்தால் என்ன குடி முழுகிப்போகும்?

ஆனால் ஒரு விஷயத்தில் தம்பியோடு எனக்கு உடன்பாடு இல்லை. ‘புத்தகம்கூட வேண்டாம்’ என்றீர்கள். நூலகத்தை வெறும் நாற்காலியாக மட்டும் கேட்டால் நாளைக்கு நிர்வாகமும் அதையே சொல்லும். புத்தகம் யாருக்கும் வேண்டாம், எடுத்துக் கிடங்கில் போடு, ஏசி ஹால் கட்டு என்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். புத்தகம் தேட வைத்திருந்த அட்டவணைப் பெட்டிகள் முதலில் போயின. தேக்குப் பெட்டி, பித்தளைக் கைப்பிடி, உள்ளே கம்பியில் கோத்த லட்சக்கணக்கான அட்டைகள். கணினி வந்ததும் எடைக்குப் போட்டார்கள். கணினியில் ஏறாத புத்தகங்கள் அலமாரியில் இருந்தும் இல்லாதவை ஆகிவிட்டன. எனக்கு இந்தப் பெயர் வைத்துக்கொண்ட காரணம் புரிந்திருக்கும்.

---

குரூப்டூ கனவு எழுதியது:

ஐயா, நியாயம்தான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லவா? தேர்வுக்குப் படிக்க மாவட்ட நூலகத்தில் இடம் பிடித்த ஒருநாள், கண் வலித்தது என்று எழுந்து நடந்தேன். ‘ஓ31’ என்று முதுகில் எழுதிய ஒரு வரிசை. என்னவோ சங்கேதம் என்று எடுத்துப் பார்த்தால் எல்லாம் தமிழ் இலக்கியம். அன்றைக்கு மத்தியானம் பாடம் படிக்கவில்லை. மேசை கிடைத்தால்தான் எழுந்து நடக்கவே முடியும் ஐயா.

---

அட்டைப்பெட்டி எழுதியது:

ஓ என்றால் இலக்கியம், 31 என்றால் தமிழ். புத்தகங்களை வகை பிரிக்க ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பு முறை. அந்த நூலகத்தில் இன்னும் அதை வைத்திருக்கிறார்களா? யார் அங்கே நூலகர், கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

தம்பி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

---

நெறியாளர் எழுதியது:

ஒரு குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் பெயரையும் அலுவலர் பெயரையும் போட்டுத் திட்டிய இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். அனுபவத்தைச் சொல்லுங்கள், ஆளை விடுங்கள். இழை நன்றாகப் போகிறது.

---

வேம்படி எழுதியது:

மன்னிக்கவும், பத்து நாள் கழித்து வருகிறேன். இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுருட்டுத் தொழிலாளி கதையை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

நேற்று மறுபடி போனோம், வேலைநாளில். ஆபீஸில் லெட்டர் கேட்டோம். அந்த அம்மா முகம் பார்த்து நல்லபடியாகப் பேசி அரை மணி நேரத்துக்கு எழுதிக் கொடுத்தார். கேட்டில் அதே தம்பி. லெட்டரை வாசிக்கவே இல்லை, “வாங்க ஐயா, அன்னிக்கு வந்தீங்கல்ல” என்று கைப்பிடித்துப் படியேற்றிவிட்டார்.

உள்ளே போனதும் அப்பா கண்கலங்குவார் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். அவரோ நேராகச் சுவரைப் பார்த்தார், சுண்ணாம்புக்காரர் சொன்னது மண்டையில் ஏறிவிட்டது போல. வடக்குப் பக்க அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, “ஒரு சாண் இல்லை, நாலு விரல்தான் இருக்கு” என்று அங்கிருந்த உதவியாளரிடம் சொல்ல, அவர் திருதிருவென்று முழித்தார். அப்புறம் இருவரும் சேர்ந்து மேல்மாடி ஏன் பூட்டியிருக்கிறது என்று பேசத் தொடங்கி, அரை மணி ஒன்றரை மணி ஆனது. மேலே ஒழுகுகிறதாம். பக்கெட் வைத்திருக்கிறார்கள். நீல பக்கெட் ஆறு, அப்பா எண்ணினார்.

அவர் உட்கார்ந்து படித்த மேசை இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் மெஷின். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது வெளியாட்களுக்கு உறுப்பினர் அட்டை உண்டா என்று கேட்டார். உண்டாம்! ஒரு படிவம் இருக்கிறது, கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். எங்கேயும் ஒட்டவில்லை. வருடக் கட்டணம், காப்புத்தொகை, இரண்டு போட்டோ. அதில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம். அப்பா ‘வாசிக்க’ என்று எழுதினார். ஆபீஸ் அம்மா பார்த்துவிட்டு, “ஐயா, வாசிக்கன்னு போட்டா மேலே திருப்பி அனுப்பிடுவாங்க, ஆய்வுன்னு போடுங்க” என்றார். அடித்துவிட்டு ஆய்வு என்று எழுதினார். அடுத்த கட்டம் ‘ஆய்வுத் தலைப்பு’. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, “மழைநீர்க் கசிவும் நூலகக் கட்டடமும்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

---

சுண்ணாம்புக்காரர் எழுதியது:

ஐயாவிடம் சொல்லுங்கள், வழிகாட்டி வேண்டுமென்றால் நான் தயார். ஆறு பக்கெட்டும் எந்தெந்த இடத்தில் இருந்தன என்று ஒரு தாளில் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். கூரையில் எங்கே ஓட்டை என்று பாதி தெரிந்துவிடும்.

---

குரூப்டூ கனவு எழுதியது:

அக்கா, அந்தப் படிவத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்களேன். கட்டணம் எவ்வளவு, காப்புத்தொகை திரும்ப வருமா?